நியாயாதிக்கம்

ஞாயிறு காலை. ஹட்டன், மல்லியப்பு சந்தி.
பார்மசிக்கு மேலே ஓர் அறை,
படிக்கட்டில் மூன்று ஈரக்குடைகள்.
பரீட்சைக்கு இன்னும் பதினெட்டு நாள்.
ஒப்பீட்டு அரசியலமைப்பு, பகுதி இரண்டு: அமெரிக்கா.

மரியசீலன் ஓட்டோவைக் கீழே நிறுத்திவிட்டு
ஃபோனை நீட்டியபடியே ஏறி வந்தான்.
அங்கே பிறக்கிற பிள்ளை
அந்த நாட்டுப் பிள்ளைதானா என்று வழக்காம்.
மேலே ஒரு கையெழுத்து, கீழே ஒரு தடையுத்தரவு,
அதற்கும் மேலே ஒரு மேன்முறையீடு.
"கேள்வி வரும் அக்கா, கட்டாயம் வரும்.
பதினாலாம் திருத்தத்தைப் பாடமாக்குவோம்."

நான் நீதவான் நீதிமன்றத்து மொழிபெயர்ப்பாளர்.
திங்கள் முதல் வெள்ளி வரை
'நான்' என்று சொல்வேன், நானாக இல்லாமல்:
நான் திருடவில்லை ஐயா,
நான் அன்றைக்குக் குடித்திருந்தேன் ஐயா.
ஞாயிறில் மட்டும்தான்
ஒரு வாக்கியத்தை நிறுத்தி வைத்து
நீ யார் என்று கேட்க முடிகிறது.

திருத்தத்தின் தொடக்கம் தமிழில் சுலபமாக வந்தது:
அங்கே பிறந்தவர் எவரும்.
கமாவைத் தாண்டியதும் கால் இடறியது:
அதன் நியாயாதிக்கத்துக்கு உட்பட்டவராயின்.

உட்பட்டவர்.
தவமலர் பென்சிலால் கோடிட்டாள்.
பிரதேச செயலகத்தில் அவள் மேசைக்கு வருகிறவர்கள்
பிறந்த இடத்தைக் கேட்டால்
டிவிஷனைச் சொல்வார்கள், லயத்தைச் சொல்வார்கள்,
"மேல்கணக்கு, அஞ்சாம் காம்பரா" என்பார்கள்.
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

வழக்குத் தொகுப்பில் ஒரு சமையற்காரன் இருந்தான்.
பிறந்தது சான் பிரான்சிஸ்கோ, பெற்றோர் சீனர்.
கடல் கடந்து போய்த் திரும்பியவனை
இறங்க விடவில்லை.
கப்பல் மாற்றிக் கப்பலாக, மாதக்கணக்கில்,
பிறந்த ஊரின் விளக்குகளைத்
தண்ணீரிலிருந்து பார்த்திருப்பான்.
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டில்
நீதிமன்றம் சொன்னது: பிறந்தாய், போதும்.

'போதும்' என்று மரியசீலன் எழுதிக்கொண்டான்.
தீர்ப்பில் அந்தச் சொல் இல்லையே என்றேன்.
"சாராம்சம் அக்கா."

சரியாக ஐம்பது வருடம் கழித்து
இந்த மலையில் கேள்வியை வேறு விதமாகக் கேட்டார்கள்.
உன் அப்பன் எங்கே பிறந்தான்?
அவன் அப்பன்? காகிதம் எங்கே?
என் அப்பாவின் அப்பாவிடம் இருந்தவை
கறை ஏறிய பெருவிரலும்
செக்ரோலில் ஓர் இலக்கமும்.
எங்களுடைய வழக்கும் கடல் தாண்டிப் போனது,
லண்டனில் கோமறைக் கழகம் வரைக்கும்.
அது தோற்றது.
இரண்டையும் ஒரே விடையில் போடக் கூடாது என்று
எனக்குத் தெரியும். சட்டம் வேறு, நாடு வேறு.
ஆனாலும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன்.

தவமலர் யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:
"உட்பட்டவர் என்றால் எங்களை விட யார்?
பெரட்டுத் தப்புக்கு உட்பட்டோம்.
கங்காணியின் தடிக்கு,
கொழுந்து நிறுக்கும் தராசு முள்ளுக்கு,
அரைப் பேருக்கு உட்பட்டோம்.
பொழுதுக்கு ஒரு நிமிஷம்கூட வெளியே நிற்கவில்லை."

யாரும் பேசவில்லை. கீழே யாரோ
பனடோல் இரண்டு கேட்கும் சத்தம்.

"இதை விடைத்தாளில் எழுதலாமா?"
எழுதலாம், புள்ளி கிடைக்காது,
மேற்கோள் எங்கே என்பார்கள் என்றேன்.

அப்போது அவன் ஃபோன் அடித்தது.
செய்தி இல்லை, ஹயர்.
தோட்டத்தில் ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி,
அம்புலன்ஸ் வர நேரமாகுமாம்,
டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும்.
புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு
இரண்டு இரண்டு படியாய் இறங்கினான்.

தவமலர் யன்னலைத் திறந்து
மழைக்குள் கத்தினாள்:
"நாற்பத்திரண்டு நாளுக்குள் பதியச் சொல்லு!
இடம் சரியா எழுதச் சொல்லு!"

அவனுக்குக் கேட்டதோ என்னவோ.
குடையை விட்டுவிட்டுப் போய்விட்டான்.
நான் மறுபடி கமாவுக்கு வந்தேன்.